முதல் உலகப்போர் பிளாக் வாட்ச் பேட்ஜ் என்று விற்கிறார்கள், பார்த்து வாங்குங்கள்

பழைய ராணுவ பேட்ஜ் சேர்ப்பவர்கள், முக்கியமாக ஸ்காட்லாந்து ரெஜிமென்ட்களைத் தேடுபவர்கள், தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். இணைய ஏலத்தில் என்னை நன்றாக ஏமாற்றிவிட்டார்கள்.

பிளாக் வாட்ச் என்ற ஸ்காட்லாந்து ரெஜிமென்ட் சிப்பாயின் தொப்பி பேட்ஜ், 1914–18 காலத்து அசல் என்று போட்டிருந்தார்கள். படத்திலும் எல்லாம் சரியாகவே இருந்தது. நட்சத்திரம், நடுவில் சிலுவையோடு ஸ்காட்லாந்தின் காவல் புனிதர் அந்திரேயா, அவருக்குக் கீழே ஸ்பிங்ஸ் (மனிதத் தலையும் சிங்க உடலும் கொண்ட உருவம்), ‘தி ராயல் ஹைலேண்டர்ஸ்’, ‘பிளாக் வாட்ச்’ என்று எழுதிய பட்டைகள். பார்சலைப் பிரித்தால் பட்டையே இல்லாத வேறொரு பேட்ஜ்!

கேட்டதற்கு வந்த பதில்: “பட்டாலியனுக்குப் பட்டாலியன் (ரெஜிமென்டின் உட்பிரிவு) டிசைன் மாறும் சார், இது அரிய வகை.”

அப்பட்டமான பொய். அந்த ரெஜிமென்ட் பேட்ஜில் வித்தியாசங்கள் உண்டுதான், ஆனால் இந்த வித்தியாசம் பட்டாலியனால் வந்ததல்ல, காலத்தால் வந்தது. பெயர்ப் பட்டைகளை 1934 வாக்கில்தான் எடுத்தார்கள். பட்டை இல்லாத பேட்ஜை 1916-இல் பிரான்சில் நின்ற சிப்பாய் எப்படிக் குத்தியிருப்பான்?

அதைவிட மோசம் பேட்ஜில் உள்ள கிரீடம். 1901-க்குப் பிறகு வந்த அரசர்கள் காலத்துக் கிரீடத்தில் வளைவுகள் உருண்டையாக மேலே எழும்பி நிற்கும். எலிசபெத் ராணி வந்ததும் மாறிய கிரீடத்தில் வளைவுகள் நடுவில் உள்வாங்கி, பள்ளத்தில் உருண்டை உட்கார்ந்திருக்கும். எனக்கு வந்தது இந்தப் பள்ளக் கிரீடம். அதாவது 1950-களுக்கு முந்தியதே அல்ல. அந்திரேயாவின் முகம் மழுங்கிக் கிடக்கிறது. தகட்டில் அச்சு அடித்ததென்றால் முன்பக்க மேடு பின்பக்கம் குழியாகத் தெரிய வேண்டும். இதன் பின்பக்கம் தட்டையாக, குண்டூசி முனை அளவுத் துளைகளோடு இருக்கிறது. உருக்கி வார்த்த வேலை.

அதே ஆள் இரண்டாம் உலகப்போர் ‘செட்’ ஒன்றும் விற்கிறார், தாம் ஓ ஷாண்டர் என்ற வட்டமான ஸ்காட்லாந்துக் கம்பளித் தொப்பியில் சிவப்பு இறகுக் குஞ்சமும் அதன் கீழே பேட்ஜும். பிளாக் வாட்ச்காரர்கள் அந்தத் தொப்பியில் குஞ்சத்தை மட்டும்தான் வைப்பார்கள், பேட்ஜ் வைப்பதில்லை. அதையும் யாரும் வாங்கிவிடாதீர்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். பிரிட்டனில் வியாபாரியிடம் இணையத்தில் வாங்கிய பொருளைக் கையில் கிடைத்த 14 நாளுக்குள் வேண்டாமென்று சொல்ல உரிமை உண்டு. அதைச் சொன்னதும் ‘நான் வியாபாரி இல்லை, தனிநபர்’ என்றார். பக்கம் பக்கமாகப் பேட்ஜ் அடுக்கி வைத்திருப்பவர் தனிநபராம்! படமும் பொருளும் வேறு என்று தளத்தில் புகார் கொடுத்திருக்கிறேன், இன்னும் முடிவு வரவில்லை.

இன்னொன்று. உருண்டைக் கிரீடம் இருந்தால் பழசு என்று இனி நம்ப முடியாது. 2022-இல் சார்லஸ் மன்னர் அந்த வடிவத்தையே மறுபடி எடுத்துக்கொண்டார். பிளாக் வாட்ச் 2006-இல் ராயல் ரெஜிமென்ட் ஆஃப் ஸ்காட்லாந்தில் சேர்ந்துவிட்டதால் தொப்பி பேட்ஜும் மாறிவிட்டது. எனவே பழைய டிசைனில் பளபளவென்று வருவதைச் சந்தேகத்தோடு பாருங்கள். பெர்த் நகரத்து பல்ஹௌசி கோட்டையில் ரெஜிமென்டின் அருங்காட்சியகம் இருக்கிறது, முடிந்தவர்கள் அசலை ஒருமுறை நேரில் பார்த்துவிடுங்கள். வாங்குமுன் பின்பக்கத்துக்கும் கிரீடத்துக்கும் தனித்தனியாகக் கிட்டத்துப் படம் கேளுங்கள். என்னிடம் விற்றவர் கடைசி வரை பின்பக்கப் படம் அனுப்பவே இல்லை.