மோட்டார் நின்றதும் ‘டமார்’: கிளாம்ப்பா, வால்வா, புது லைனா?

வடசென்னையில் ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை பக்கத்து ஒட்டு வீடுகளில் பொதுச் சுவரில்தான் பைப் ஏறும். ஒரு வீட்டு மோட்டாரை விடியற்காலையில் நிறுத்தினால், பைப் ‘டமார்’ என்று அடிக்கிற சத்தத்தில் அடுத்த வீட்டுக்காரருக்கும் தூக்கம் போச்சு. பிளம்பர்களைக் கேட்டால், ஒருவர் கிளாம்ப் அடிக்கச் சொல்வார், இன்னொருவர் வால்வை மாற்றச் சொல்வார், மூன்றாமவர் “மொத்த லைனையும் மாத்திடலாம் சார்” என்பார். மூன்றுமே வைத்தியம்தான், ஆனால் ஒரே நோய்க்கு அல்ல.

செலவு செய்யுமுன் சத்தம் எப்போது வருகிறது என்று பாருங்கள். குழாயைப் பாதி திறந்தால் ‘ஙொய்’ என்று ஊளையிட்டு, முழுக்கத் திறந்ததும் அடங்கினால் வாஷர் தேய்ந்திருக்கிறது. சம்ப் நிறையும் தறுவாயில் ‘கடகட’ என்றால் பால் வால்வு (மிதக்கும் பந்தால் தண்ணீரை நிறுத்தும் வால்வு). கீஸர் போட்டதும் சுவருக்குள் ‘டிக் டிக்’ என்றால் சூட்டில் சி.பி.வி.சி. (வெந்நீருக்குப் போடும் பிளாஸ்டிக் பைப்) நீள்கிறது, 10 மீட்டர் பைப் 30 டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட 2 சென்டிமீட்டர் நீளும். மெட்ரோ வாட்டர் திறந்துவிடும் நேரத்தில் குழாய் புஸ் புஸ்ஸென்று இருமினால் அது வெறும் காற்று, கொஞ்ச நேரத்தில் தானே போய்விடும். (மெட்ரோ வாட்டர் லைனிலேயே மோட்டார் மாட்டி இழுக்கிற வீட்டில் அந்த இருமல் ஓயாது. அதற்கு அனுமதியும் கிடையாது.)

மிச்சமிருப்பது அந்த ‘டமார்’. மோட்டார் ஓடும்போது தண்ணீர் மொட்டை மாடி டேங்க் வரை ஏறிக்கொண்டிருக்கிறது. நிறுத்தியதும் அத்தனையும் கீழே திரும்பப் பார்க்கிறது. நம் வீடுகளில் பெரும்பாலும் இருப்பது ஸ்விங் வகை என்.ஆர்.வி. (தண்ணீரைத் திரும்பவிடாத வால்வு); கதவு மாதிரி ஆடும் அதன் தகடு, தண்ணீர் திரும்பி ஓட ஆரம்பித்த பிறகுதான் மூடும். ஓடிவந்த தண்ணீர் அப்படியே முட்டி நிற்கும். 1898-இல் ரஷ்ய விஞ்ஞானி ஷுக்கோவ்ஸ்கி போட்ட கணக்குப்படி, நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் வரும் தண்ணீர் ஜி.ஐ. பைப்பில் (துத்தநாகம் பூசிய இரும்பு பைப்) சட்டென்று நின்றால் அழுத்தம் சுமார் 12 பார் எகிறும். பார் என்பது அழுத்தத்தின் அளவு. 10 மீட்டர் உயர டேங்க் தருவதே 1 பார்தான்.

பைப்பைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வேறொருவரை மோட்டாரை நிறுத்தச் சொல்லுங்கள். கை உதறி, சத்தம் பாதியாகக் குறைந்தால் பைப் சுவரில் மோதுகிறது, கிளாம்ப் போதும். பிடித்தும் அதே ‘டமார்’ என்றால் வால்வுதான்.

கிளாம்ப்தான் மலிவு. பிளாஸ்டிக் பைப் படுக்கையாகப் போகும் இடத்தில் மூன்றடிக்கு ஒன்று வேண்டும். ஆனால் காசிமேடு, திருவொற்றியூர் கடல்காற்றில் இரும்புக் கிளாம்ப் சீக்கிரம் துருப்பிடித்துக் கழன்றுவிடும். பிளாஸ்டிக்கோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ போடுங்கள். வெந்நீர் லைனில் இறுக்கிப் பிடித்தால் ‘டிக் டிக்’ கூடும், கொஞ்சம் நகர இடம் விடுங்கள்.

என் ஓட்டு ஸ்பிரிங் வைத்த என்.ஆர்.வி.க்கு. தண்ணீர் வேகம் குறையும்போதே ஸ்பிரிங் தகட்டைத் தள்ளி மூடிவிடும், திரும்பி ஓட இடமே கொடுக்காது. செங்குத்தாக நிற்கிற பைப்பிலும் மாட்டலாம். குறை ஒன்றுதான்: ஸ்பிரிங்கைத் தள்ளிக்கொண்டு போவதால் டேங்க் நிறையக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகலாம். சக்தி குறைந்த பழைய மோட்டாரில் அது தெரியும்.

காற்றறை என்பது லைனில் ஒரு டீ (T வடிவ இணைப்பு) போட்டு, மேல்நோக்கி ஒன்றரை அடி பைப் நிறுத்தி மூடி போடுவது. உள்ளே அடைபட்ட காற்று அடியை வாங்கிக்கொள்ளும். மிச்சத் துண்டிலேயே செய்துவிடலாம் என்பதால் பிளம்பர்களுக்குப் பிரியம். ஆனால் நாளடைவில் காற்று தண்ணீரில் கரைந்து போய்விடும், பழைய ‘டமார்’ திரும்பிவிடும். அவ்வப்போது லைனை வடிக்கப் பொறுமை இருப்பவர்களுக்குத்தான் இது. பிஸ்டன் வைத்த ரெடிமேட் அரெஸ்டரில் (அடியைத் தாங்கிக்கொள்ளும் கருவி) அந்தத் தொல்லை இல்லை. ஆனால் அது பிரஷர் பம்ப் இருக்கிற வீட்டில் வாஷிங் மெஷின் ‘டொக்’கென்று அடிப்பதற்கே பொருத்தம்.

அழுத்தம் குறைக்கும் வால்வை யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். ஒரு மாடி உயரத்துக்கு டேங்க் தருவது 0.3 பார், அதில் குறைக்க என்ன இருக்கிறது? அடுக்குமாடியின் கீழ்த்தள வீடுகளுக்கு வேண்டுமானால் அது தேவைப்படலாம்.

மொத்த லைனையும் மாற்றுவது, உப்புத் தண்ணீரில் ஜி.ஐ. உள்ளே பொருக்கு கட்டி அடைத்திருந்தால் மட்டும் நியாயம். பிளாஸ்டிக் கொஞ்சம் விரிந்து கொடுப்பதால் அதே வேகத்தில் வரும் அடி ஜி.ஐ.யில் விழுவதில் மூன்றில் ஒரு பங்காகக் குறையும். பழைய ஸ்விங் வால்வையே புது பைப்பிலும் மாட்டிவிட்டுப் போகிறார்களா என்று மட்டும் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.