பீஸ் ரேட் பதிவுத் திரைக்கு விண்டோஸ் ஃபார்ம்ஸா, டபிள்யூ.பி.எஃப்.பா?

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றின் பீஸ் ரேட் (தைத்த உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலி) கணக்கு மென்பொருளைப் புதிதாக எழுத வேண்டி வந்தபோது, 2002இல் மைக்ரோசாஃப்டின் டாட்நெட் நிரலாக்கத் தளத்தின் முதல் பதிப்போடு வந்த விண்டோஸ் ஃபார்ம்ஸ், 2006இல் வந்த டபிள்யூ.பி.எஃப். ஆகிய இரண்டு திரை அமைக்கும் கருவித்தொகுப்புகளில் முன்னதையே தேர்ந்தெடுத்தோம். இன்றும் நான் அதன் பக்கமே நிற்கிறேன். அழகிலும், 150 சதவீதம் பெரிதாக்கிய திரையில் எழுத்து மங்காமல் தெரிவதிலும் பின்னதே மேல் என்பதில் விவாதமில்லை. ஆனால் சனிக்கிழமை சம்பளப் பட்டுவாடா நேரத்தில் திரை நின்றுபோனால் காரணத்தை எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்க முடியும் என்பதே எங்களுக்கு முதன்மையாக இருந்தது.

விண்டோஸ் ஃபார்ம்ஸின் டேட்டாகிரிட்வியூ அட்டவணை, வரையும்போது கையாளப்படாத பிழை எழுந்தால், தன் இடத்தில் வெள்ளைப் பரப்பின் மேல் சிவப்புப் பெருக்கல் குறியைக் காட்டிவிட்டு நின்றுவிடும். பார்ப்பதற்குப் பயமாக இருந்தாலும், கூடவே வரும் பிழைப் பெட்டியின் விவரப் பகுதியில் எந்தச் செயற்கூறு எதை அழைத்தது என்ற வரிசை முழுவதும் இருக்கும். சூப்பர்வைசர் அதைக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பினாலே பாதி வேலை முடிந்துவிடும். பெரும்பாலான நேரங்களில் குற்றவாளி பின்னணி இழைதான், அதாவது திரையை இயக்கும் இழைக்கு இணையாகத் தனியே ஓடும் நிரல் ஓட்டம். சீரியல் போர்ட்டில் இணைத்த எடைத் தராசிலிருந்து தரவு வரும் நிகழ்வு வேறோர் இழையில் ஓடுவதால், அங்கிருந்தே அட்டவணையின் தரவை மாற்றினால் திரை குலையும். இப்படிப்பட்ட மீறலை டீபக்கர் (பிழை தேடும் கருவி) இணைந்திருக்கும்போது மட்டுமே விண்டோஸ் ஃபார்ம்ஸ் தானாகச் சோதிக்கிறது. எனவே செக்ஃபார்இல்லீகல்கிராஸ்த்ரெட்கால்ஸ் என்ற அமைப்பைக் கம்பெனியில் ஓடும் பிரதியிலும் இயக்கி வைப்பது நல்லது. பிகின்இன்வோக் என்ற செயற்கூறின் வழியாக மாற்றத்தைத் திரை இழைக்கு அனுப்பிவிட்டால் சிக்கல் தீரும்.

இன்னொரு வகை பழுது, காலையில் நன்றாக ஓடி, ஒன்றரை ஷிப்ட் முடியும் நேரத்தில் மட்டும் தலைகாட்டும்: கட்டங்கள் வரையப்படாமல் கறுத்துப்போகும், புதிய சாளரம் திறக்க மறுக்கும். ஒரு செயலி வைத்துக்கொள்ளக்கூடிய ஜி.டி.ஐ. பொருள்களுக்கும் (தூரிகை, எழுத்துரு போன்ற வரைகருவிகள்) யூசர் பொருள்களுக்கும் (சாளரம், மெனு போன்றவை) இயல்பான உச்சவரம்பு தலா 10,000. அதைத் தொட்டுவிட்டால் இப்படி ஆகும். டாஸ்க் மேனேஜரின் விவரப் பக்கத்தில் இந்த இரண்டு நெடுவரிசைகளையும் சேர்த்துவிட்டு, ஒரு படிவத்தைத் திறந்து மூடிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் எண் ஏறி, இறங்காமல் நின்றால் கசிவு அங்கேதான் இருக்கிறது. பலகத்தின் கண்ட்ரோல்ஸ் பட்டியலை கிளியர் செய்வது கட்டுப்பாடுகளை (பொத்தான், உள்ளீட்டுப் பெட்டி போன்றவை) பிரித்தெடுக்குமே தவிர அழிக்காது. ஒவ்வொன்றுக்கும் டிஸ்போஸ் என்ற அழிக்கும் செயற்கூறை அழைத்தாக வேண்டும்.

டபிள்யூ.பி.எஃப். இந்த இரண்டு தொல்லைகளையும் பெருமளவு தவிர்த்துவிடுகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்: இழை மீறலை எப்போதும் பிடிக்கும், கட்டுப்பாடு ஒவ்வொன்றுக்கும் தனிச் சாளரம் கேட்காது. அதன் பழுதுகள் வேறு இடத்தில் ஒளிந்திருக்கின்றன. திரைக் கட்டத்தைத் தரவோடு இணைக்கும் பிணைப்பில் பெயர் தவறினால் செயலி ஓடிக்கொண்டே இருக்கும், கட்டம் மட்டும் வெறுமையாக நிற்கும். உருட்டும்போது வரிசைகள் மறுபயன்பாடு ஆவதால், ஒரு வரிசைக்கு நிரலில் நேரடியாகத் தந்த நிறம் வேறொரு வரிசையில் வந்து உட்காரும். எல்லாவற்றிலும் கடினமானது வரைதல் இழையே முறிவது. அப்போது கிடைக்கும் அழைப்பு வரிசையில் நம் நிரலின் பெயர் ஒன்றுகூட இருக்காது. பிராசஸ்ரெண்டர்மோட் என்ற அமைப்பை, கிராஃபிக்ஸ் கார்டைத் தவிர்க்கும் மென்பொருள் வரைதலுக்கு மாற்றிப் பார்த்து, முறிவு நின்றால் திரை டிரைவரைச் சந்தேகிக்கலாம். சாயப்பட்டறை அலுவலகத்துப் பழைய கணினிகளில் அந்த டிரைவரை யார் புதுப்பிக்கிறார்கள்?

டபிள்யூ.பி.எஃப்.ஐ நாங்கள் பயன்படுத்தியது சாம்பிள் படங்களைக் காட்டும் ஒரு சிறு செயலியில்தான், நாள் முழுவதும் ஓடும் பெரிய அட்டவணையில் அல்ல. ஆகவே அதைப் பற்றிய என் கணிப்பை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள். மெர்சன்டைசரின் புது லேப்டாப்பில் படங்களோடு ஓடப்போகும் திரைக்கு அதையே பரிந்துரைப்பேன். செக்கிங் மேசைக்கருகே தூசியில் ஓடும் கணினிக்கு விண்டோஸ் ஃபார்ம்ஸ் போதும்.