சோளகக் காற்றில் கலாத்தியா வளர்த்த நான்கு வருடங்கள்

2021 டிசெம்பரில் கண்டிப் பக்கத்து நாற்றுமேடை ஒன்றில் நான்கு கலாத்தியாக் கன்றுகள் வாங்கினேன். இலையின் அழகுக்காக வீட்டுக்குள் வளர்க்கிற செடி அது. வவுனியாப் பக்கத்து ஓமந்தைக்குக் கொண்டுவந்து முன் அறையில் வைத்தேன். மாரிகாலம் என்பதால் தை, மாசி வரைக்கும் ஒரு குறையும் இல்லை. பொழுதுபட இலைகள் கைகூப்புவதுபோல் மேலே நிமிர்வதையும், காலையில் விரிவதையும் வீட்டில் எல்லோரும் வந்து பார்ப்போம். வைகாசியில் சோளகம் எழும்பியது. இரண்டு கிழமைக்குள் இலைகள் சுருட்டு மாதிரிச் சுருண்டு, கரையெல்லாம் காய்ந்து, தொட்டால் பப்படம்போல நொறுங்கத் தொடங்கின.

வன்னியில் இருப்பவர்களுக்கு அந்தக் காற்றைப் பற்றி விளக்கத் தேவையில்லை. தென்மேற்கிலிருந்து வருகிற காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு எங்களிடம் வரும்போது வெறுங்கையோடுதான் வரும். புரட்டாதி வரைக்கும் அதே கதை. கலாத்தியாவோ தென்னமெரிக்கக் காட்டில், பெரிய மரங்களின் நிழலில், காற்று அசையாத ஈர நிலத்தில் வளர்ந்த இனம்.

முதலில் வாங்கியது காற்றின் ஈரப்பதனை அளந்து இலக்கத்தில் காட்டும் சின்ன ஈரமானிகள் இரண்டு. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று 61 என்றும் மற்றது 55 என்றும் காட்டின. எதை நம்புவது? இதற்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. ஒரு போத்தில் மூடியில் கறியுப்பைப் போட்டு, கரைந்து ஓடாத அளவுக்குச் சில துளி தண்ணீர் விட்டு, சேறு மாதிரி ஆக்கி, ஈரமானியோடு சேர்த்துக் காற்றுப் புகாத பெட்டிக்குள் மூடி வையுங்கள். ஒரு இரவு கழிந்து பார்த்தால் உள்ளே ஈரப்பதன் 75 வீதமாக இருக்க வேண்டும். என்னுடைய ஒன்று 75 காட்டியது, மற்றது 69. அன்றிலிருந்து இரண்டாவதில் எதைப் பார்த்தாலும் 6 கூட்டிக்கொள்வேன். மானி வாங்குகிற எல்லோரும் இதைச் செய்துவிட்டுத்தான் மற்ற வேலைக்குப் போக வேண்டும்.

இலக்கத்தை மட்டும் பார்த்து ஏமாறவும் கூடாது. 25 பாகையில் 60 வீதமும் 35 பாகையில் 60 வீதமும் ஒன்றல்ல. பள்ளிக்கூடத்தில் சாரீரப்பதன் என்று படித்தோமே, அது அந்த வெப்பநிலையில் காற்று கொள்ளக்கூடிய நீராவியில் எத்தனை பங்கு இருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். சூடு கூடக் கூடக் காற்றின் கொள்ளளவும் கூடும். அதனால் 35 பாகையில் காற்று இலையிலிருந்து நீரை இழுக்கிற வேகம், 25 பாகையில் இழுப்பதைப்போல ஏறத்தாழ 1.8 மடங்கு. கண்டியில் 60 வீதத்தில் சிரித்துக்கொண்டு நின்ற கன்று இங்கே அதே 60இல் ஏன் வாடியது என்பது இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் எனக்கு விளங்கியது.

ஸ்ப்ரே போத்திலால் இலைக்குத் தண்ணீர் அடிப்பதை இரண்டு மாதம் விடாமல் செய்தேன். மானி ஏறும், பத்து நிமிடத்தில் இறங்கிவிடும். கூழாங்கல் போட்ட தட்டில் தண்ணீர் விட்டுச் சாடியை மேலே வைப்பதும் அப்படித்தான், சாடியின் விளிம்பளவில் இரண்டு மூன்று வீதம் கூடும், அதற்கு மேல் இல்லை. அந்தத் தட்டுத் தண்ணீரில் நுளம்பு முட்டையிடும் என்பதையும் மறக்க வேண்டாம். டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கிற பருவத்துக்கு வர ஒரு கிழமை, பத்து நாள் போதும். தட்டு வைப்பவர்கள் கிழமைக்கு ஒரு தரமாவது ஊற்றிக் கழுவி வையுங்கள். நான் தட்டுகளை எடுத்தேவிட்டேன்.

பிரான்சில் இருக்கும் அண்ணா, தண்ணீரைப் புகைபோல் விடுகிற ஈரப்பதனூட்டி ஒன்றை அனுப்பிவைத்தார். அது வந்து சேர்ந்தது 2022இல், மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் போன காலம். மின்சாரம் சீரான பிறகு ஒழுங்காகப் போட்டுப் பார்த்தேன். எங்களுடையது ஓட்டு வீடு. ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவில் இடைவெளி, யன்னலுக்கு மேல் காற்றோட்டக் கல். மூடி அடைத்த அறைகளுக்கென்று செய்த கருவி இங்கே ஓட்டைப் பானையில் தண்ணீர் வார்த்த கதைதான். கிணற்றுத் தண்ணீர் விட்டதால் மேசை, அலுமாரி, இலை எல்லாவற்றிலும் மாவு தூவியதுபோல் வெள்ளைத் தூள் படிந்தது. தண்ணீரில் இருக்கும் கல்சியம் முதலிய உப்புகள் அந்தப் புகையோடு எழும்பி வந்து படிகிறவை அவை. நல்ல கருவிதான், ஆனால் எங்கள் வீட்டுக்கு ஏற்றதல்ல.

வழி காட்டியவர் பக்கத்து வளவுப் பெரியம்மா. ஒருநாள் வந்து இலைகளைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வெத்திலைத் தோட்டத்துக்குச் சுத்திவரக் கிடுகு ஏன் கட்டுறவை எண்டு தெரியுமே பிள்ளை? காத்து வந்து இலையைக் குடிச்சுப்போடும். நீ தண்ணியைக் கூட்டுறாய், காத்தை மறிக்கேல்லை."

அடுத்த நாளே விறாந்தையின் தென்மேற்குப் பக்கத்தில் கிடுகுத் தட்டி கட்டினேன். காலை 11 மணியிலிருந்து பின்னேரம் 4 மணி வரை அந்தப் பக்க யன்னல்களில் ஒன்றைத் தவிர மற்றவற்றைச் சாத்தினேன். திறந்திருந்த யன்னலின் கம்பியில் சணல் சாக்கை இரண்டு மடிப்பாகத் தொங்கவிட்டு, கீழ் நுனி ஒரு வாளித் தண்ணீருக்குள் நிற்கும்படி வைத்தேன். சாக்கு தானாகவே தண்ணீரை உறிஞ்சி மேலே ஏற்றும், மேல் பாதியை மட்டும் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை கையால் நனைக்க வேண்டும். முன்னர் ஆடி மாதத்து மத்தியானம் 3 மணிக்கு 34 பாகையும் 49 வீதமுமாக இருந்த அறை, 31 பாகைக்கும் 62 வீதத்துக்கும் வந்தது. தண்ணீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொள்வதால் இரண்டு பக்கமும் லாபம். காற்று எவ்வளவு காய்ந்திருக்கிறதோ அவ்வளவுக்கு இது நன்றாக வேலை செய்யும். சாக்கை மூன்று நாளுக்கு ஒருமுறை கழுவி வெயிலில் போடாவிட்டால் மணக்கும். வாளியையும் அதோடு சேர்த்து ஊற்றிக் கழுவிவிடுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகு இலைகள் சுருள்வது நின்றது, ஆனால் நுனி காய்வது நிற்கவில்லை. அந்த வருடம் முழுவதும் நான் ஈரப்பதனையே குறை சொல்லிக்கொண்டிருந்தேன். காரணம் கிணற்றில் இருந்தது. வவுனியா மாவட்டத்தின் பல கிணறுகளில் தண்ணீரின் கடினமும் புளோரைட்டும் கூட. கலாத்தியா, டிரசீனா போன்றவை புளோரைட்டைத் தாங்காது, இலை நுனியில் சேர்ந்து அந்த இடத்தைக் கருக்கிவிடும். கொதிக்க வைத்தாலும் போகாது, தண்ணீர் வற்ற இன்னும் செறியும். குடிப்பதற்கு வடிகட்டிய தண்ணீர் வாங்குகிற நாங்கள் கன்றுக்குக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தோம். 2023 கார்த்திகை மழையில், முதல் இரண்டு மழையைக் கூரை ஓட்டைக் கழுவ விட்டுவிட்டு, 1000 லீற்றர் தாங்கியில் மழைநீர் பிடித்தேன். வாயை மெல்லிய துணியால் இறுக்கிக் கட்டினேன். கலாத்தியாவுக்கும் பன்னங்களுக்கும் மட்டும் கிழமைக்கு ஆறேழு லீற்றர் போதும், அடுத்த மழை வரைக்கும் தாங்கும். புதிதாக வந்த இலைகள் நுனி காயாமல் விரிந்தன. பழைய கரைகள் பச்சையாகாது, அவற்றை வெட்டிவிட்டேன்.

பன்னங்களுக்கு அம்மாவின் பழைய கண்ணாடி அலுமாரி. தட்டுகளை எடுத்துவிட்டு அடியில் ஈரத் தும்புத்தூள் பரப்பினேன். கதவு சாத்தினால் மத்தியானத்திலும் உள்ளே 78, 80. நேர் வெயில் படாத இடத்தில் வைப்பது முக்கியம், பட்டால் உள்ளே அவிந்துவிடும். இது புதிய யோசனை ஒன்றுமில்லை. 1876இல் லண்டன் கியூ தாவரவியற் பூங்காவிலிருந்து இறப்பர் கன்றுகள் கப்பலில் இலங்கைக்கு வந்தது இப்படிக் கண்ணாடி அடைத்த பெட்டிகளில்தான். கம்பகாப் பக்கத்து ஹெனரத்கொடையில் நட்ட அந்தக் கன்றுகள் அவ்வளவு தூரம் கடற்காற்றைத் தாண்டி வந்ததை, என் அலுமாரிக் கதவைத் திறக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

இனி மாரி. எனக்கு அதிகம் நட்டம் வந்தது அப்போதுதான். கோடையில் பழகிய கையோடு 2023 மார்கழியிலும் அந்தூரியங்களுக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தேன். அறையில் ஏற்கெனவே 92, 94. இலையில் எண்ணெய்ப் புள்ளிபோல ஈரப் பொட்டுகள் வந்து, சுற்றிவர மஞ்சள் படர்ந்து, தண்டுக்கு இறங்கியது. அந்தூரியத்துக்கு வரும் பக்டீரியாக் கருகல் அது. தெறிக்கிற தண்ணீரோடுதான் அடுத்த சாடிக்குத் தாவும். ஏழில் மூன்றைப் பிடுங்கி எரித்தேன். இப்போது ஐப்பசியில் முதல் மழை விழுந்ததும் ஸ்ப்ரே போத்திலைத் தூக்கி வைத்துவிடுகிறேன். தட்டியைக் கழற்றி, அலுமாரிக் கதவை ஒரு சாண் திறந்து, சாடிகளுக்கிடையே ஒரு கை நுழையும் இடைவெளி விட்டு, சின்ன மின்விசிறியைச் சுவரைப் பார்க்கத் திருப்பி மெதுவாக ஓடவிடுகிறேன். மண்ணில் விரலை இரண்டு கணு விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் மணிபிளான்டும் அந்தூரியமும் வைத்து ஒரு சோளகத்தைத் தாண்டிப் பாருங்கள், கலாத்தியாவை அதற்குப் பிறகு வாங்கலாம். மெல்லிலைப் பன்னம், கருங்கம்பிபோலத் தண்டு உள்ளது, அது அலுமாரிக்குள்ளும் எனக்கு இரண்டு தரம் பட்டுப்போனது. மூன்றாவது கன்றை மழைநீரில் மட்டும் வளர்த்துப் பார்க்கிறேன். இப்போது அதில் ஐந்து சுருள் வந்திருக்கிறது.