கக்கூஸ் குழியா, குப்பைமேடா? பழைய பாட்டில் தோண்ட எது நல்லது?

பழைய பாட்டில் தோண்டுவதில் ஆசை வந்தவர்கள் முதலில் கேட்பது இதைத்தான்: காட்டோரம் கிடக்கும் பழைய ஊர்க் குப்பைமேட்டில் தொடங்குவதா, இல்லை பழைய வீட்டின் கொல்லையில் மண்மூடிக் கிடக்கும் கக்கூஸ் குழியிலா? அமெரிக்காவில் பிலடெல்பியாவிலும் ஆற்றுக்கு இந்தப் பக்கம் தெற்கு நியூ ஜெர்சியிலும் நண்பர்களோடு இரண்டையும் தோண்டிப் பார்த்தாயிற்று. இப்போது நாங்கள் கிளம்பினால் குழிக்குத்தான்.

அருவருப்பு விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். நம் ஊரில் மலக்குழி என்றாலே அதில் இறங்கி உயிரை விட்டவர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். அந்தக் கொடுமையோடு இதைச் சேர்க்கக் கூடாது. இவை ஊருக்குச் சாக்கடைக் குழாய் வந்ததும் மூடப்பட்டு, நூறு வருஷத்துக்கும் மேலாக மக்கி மண்ணாகிவிட்ட குழிகள். மேலே செங்கல் உடைசலும் அடுப்புச் சாம்பலும், அதற்குக் கீழே சில இடங்களில் நாற்றத்துக்காகத் தூவிய சுண்ணாம்பு வெள்ளைக் கோடாக, அதற்கும் கீழே கருப்பாக மெத்தென்ற மண். அந்தக் கருப்பு மண்ணில், தின்றவர் வயிற்றில் செரிக்காமல் வந்த ராஸ்பெரி விதைகள் கொத்தாகத் தென்பட்டால், வீட்டுக்காரர்கள் குழியைப் புழங்கிய காலத்து அடுக்குக்கு வந்துவிட்டோம் என்று அர்த்தம். அங்கிருந்து மண்வெட்டியை வைத்துவிட்டுச் சின்னக் கரண்டிக்கு மாறிவிடுவோம்.

குப்பைமேட்டுக்கு நல்ல பக்கம் உண்டு. ஆழம் போகவேண்டாம், பாட்டில் ஏராளமாக வரும், புதிதாக வருபவர் முதல் நாளே நாலு மருந்துப் பாட்டிலோடு வீட்டுக்குப் போகலாம். சாம்பலுக்குள் கிடந்த கண்ணாடி பல நேரம் பளிச்சென்று இருக்கும்; குழியின் ஈரத்தில் கிடந்தது மேலே பாலாடை படிந்ததுபோல மங்கிப் போயிருக்கலாம், அதைச் செப்புத் துணுக்குகள் போட்டு இயந்திரத்தில் நாள்கணக்கில் உருட்டித்தான் மெருகேற்றவேண்டும். இதிலெல்லாம் குப்பைமேடுதான் ஜெயிக்கிறது, எனக்கு மறுப்பில்லை.

ஆனால் எனக்கு முடிவைச் சொல்வது பாட்டிலின் வயது. ஊர்க் குப்பையை ஒரே இடத்தில் கொண்டுபோய்க் கொட்டும் வழக்கம் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் பரவியது. அதற்கு முன்பு உடைந்த தட்டும் காலியான பாட்டிலும் போன இடம் கொல்லையில் இருந்த குழிதான். அதனால் குப்பைமேட்டில் கிடைப்பது அநேகமாக 1890க்குப் பிந்தைய சரக்கு. டொலிடோவில் மைக்கேல் ஓவன்ஸ் 1903இல் தானியங்கிப் பாட்டில் இயந்திரத்தைக் கொண்டுவந்த பிறகு வந்தவை என்றால், அச்சின் பாதிகள் சேரும் இடத்தில் பக்கவாட்டில் விழும் கோடு கழுத்தோடு நிற்காமல் வாய் விளிம்பு வரைக்கும் ஏறி நிற்கும். விரலால் தடவினாலே தெரியும். மது பாட்டிலில் 'இதை மறுபடி விற்பதும் பயன்படுத்துவதும் கூட்டரசுச் சட்டப்படி குற்றம்' என்ற வாசகம் இருந்தால் அது 1935க்கும் 1964க்கும் நடுவில் செய்தது. அப்படியொன்று நாலடி ஆழத்தில் வந்தால் அன்றைக்கு நான் கையைத் தட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

குழி அப்படியில்லை. ஊதுகுழலால் ஊதி, அடியில் இரும்புக் கம்பியை ஒட்டிப் பிடித்து, வாயைக் கையால் முடித்த பாட்டில்கள் அங்கேதான் இருக்கின்றன. கம்பியை உடைத்து எடுத்த இடத்தில் சொரசொரப்பான வட்டத் தழும்பு நிற்கும், பாண்டில் தழும்பு என்பார்கள். 1860களோடு அந்த முறை பெரும்பாலும் மறைந்துவிட்டது. பாட்டிலைக் கழுவுவதற்கு முன்னால் எல்லாரும் முதலில் திருப்பிப் பார்ப்பது அடியைத்தான். தாமஸ் டையாட் கண்ணாடித் தொழிற்சாலை நடத்திய கென்சிங்டன் இங்கே பக்கம்தான், தெற்கு ஜெர்சியில் விஸ்டர் குடும்பம் 1739லேயே கண்ணாடி செய்ய ஆரம்பித்துவிட்டது. அந்தக் காலத்துச் சரக்கைக் குப்பைமேட்டில் தேடிப் பயனில்லை.

இன்னொன்று, வயதை நம்பிச் சொல்லவும் குழிதான் வேண்டும். மேசன் ஜாடியில், அதாவது உணவைப் பதப்படுத்தி வைக்கும் திருகுமூடிக் கண்ணாடி ஜாடியில், '1858 நவம்பர் 30' என்று புடைப்பாக எழுதியிருக்கும். அது ஜான் மேசன் காப்புரிமை வாங்கிய தேதி. அதே தேதியைப் போட்டுப் பல பத்தாண்டுகள் ஜாடி செய்து தள்ளினார்கள். குப்பைமேட்டில் எல்லாம் கலைந்து கிடப்பதால் ஜாடியின் வயதைச் சொல்ல வேறு துணை கிடைக்காது. குழியில் அதே அடுக்கில் கிடக்கும் புகையிலை பிடிக்கும் களிமண் குழாய், தட்டின் அடியிலிருக்கும் முத்திரை, மருந்துப் பாட்டில் எல்லாம் சேர்ந்து சாட்சி சொல்லும். அதுவும் ஒரே வீட்டுச் சாமான். பல் முளைக்கும் குழந்தைக்கு மார்பின் கலந்து கொடுத்த வின்ஸ்லோ அம்மாள் சிரப்பின் பாட்டிலும் பொம்மையின் பீங்கான் கையும் ஒரே அடுக்கில் வந்தபோது எங்களில் யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

சரி, குழியின் கஷ்டங்கள். முதலில் வீட்டுக்காரர் அனுமதி. அப்புறம் தீக்காப்பீட்டுக்காகக் கட்டடம் கட்டடமாக வரைந்த பழைய சான்பார்ன் வரைபடத்தில் கொல்லைக் கொட்டகைகளைப் பார்த்து, பின்வேலி ஓரமாக நீளக் கம்பியால் குத்திக் குத்தித் தேடவேண்டும். கெட்டி மண் விட்டு கம்பி சட்டென்று இறங்கினால் குழி. அந்தக் காலத்திலேயே இரவில் மலம் அள்ள வந்த வண்டிக்காரர்கள் அடிவரை அள்ளிப்போன குழியாக இருந்தால் நாள் முழுக்க வேலை செய்தும் மூடும்போது கொட்டிய சாமான்தான் மிஞ்சும். பிலடெல்பியாவின் செங்கல் குழிகள் 20 அடிகூடப் போகும், அங்கே ஆபத்து மண்சரிவு. உள்ளே ஒருவர், மேலே குறைந்தது இரண்டு பேர், குழிக்கு மேல் முக்கால் சட்டத்தில் கப்பி, வாளி. செங்கல் சுவர் உப்பியிருந்தால் எவ்வளவு ஆசை இருந்தாலும் ஏறிவிடவேண்டும். தனியாக இறங்கவே கூடாது. இதற்காகத்தான் நண்பர்கள் இல்லாதவர்களுக்கு நான் குழியைச் சொல்வதில்லை.

கூட்டரசு நிலத்தில் இரண்டுமே வேண்டாம். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட தொல்பொருளை அனுமதியில்லாமல் தோண்டுவதை 1979ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது, அதில் பாட்டிலும் சேர்த்தி. தொல்லியலாளர்கள் நம்மைப் போன்றவர்கள்மேல் வைக்கும் குறை நியாயமானது: கலைத்த அடுக்கைத் திரும்ப அடுக்க முடியாது. நாங்கள் அடுக்கு வாரியாகப் படமெடுத்து, ஆழம் குறித்து வைக்கிறோம். அது அவர்கள் வேலைக்கு ஈடாகாது, ஆனாலும் ஒன்றுமில்லாததற்கு மேல்.

மரப்பலகை அடித்த சதுரக் குழிகள், மத்திய மேற்குப் பக்கம் அதிகம், அவற்றில் எனக்குப் பழக்கம் குறைவு. ஆழம் கம்மி என்பதால் வேலை சுலபமாக இருக்கலாம். ஆற்றோரம் பொறுக்குவதும் கண்காட்சியில் வாங்குவதும் உண்டு. வாங்கினால் பாட்டில் கிடைக்கும், எந்த வீட்டுது என்ற விவரம் கிடைக்காது.

அனுமதி கேட்கப் போகும்போது ஒன்று செய்யுங்கள். தார்ப்பாய் விரித்து மண்ணை அதில் கொட்டுவோம், புல்தரையை வெட்டியெடுத்து அப்படியே திரும்பப் பதிப்போம், அன்று மாலைக்குள் குழியை மூடி மிதித்துக் கெட்டிப்படுத்துவோம், கிடைத்ததில் முதலில் எடுத்துக்கொள்வது நீங்கள்தான் என்று வாசலிலேயே சொல்லிவிடுங்கள். அப்படிச் செய்து கொடுத்த வீட்டுக்காரர்தான் பக்கத்து வீட்டையும் எங்களுக்குப் பேசி முடித்துத் தந்தார்.