உப்பில்லாப் பத்தியமும் லித்தியம் மாத்திரையும்: சோளிங்கர் செல்லும் குடும்பங்களுக்கு ஓர் எச்சரிக்கை

இருமுனைக் கோளாறுக்காக (மனம் மிதமிஞ்சிய உற்சாகத்துக்கும் ஆழ்ந்த சோர்வுக்கும் இடையே ஊசலாடும் நோய்) லித்தியம் மாத்திரை எடுத்துக்கொள்ளும் ஒருவர் உங்கள் வீட்டில் இருந்து, அவரைச் சோளிங்கர் நரசிம்மர் கோயிலுக்கு அழைத்துச் செல்லும் எண்ணமும் உங்களுக்கு இருந்தால், கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். தக்கான் குளத்தில் நீராடுவதையோ, சின்ன மலை ஏறி யோக ஆஞ்சநேயரைச் சேவிப்பதையோ நான் குறை சொல்ல வரவில்லை. சித்தம் கலங்கியவர்களை அங்கே கூட்டிச் சென்று தங்கவைப்பது வட ஆற்காட்டுக் குடும்பங்களில் தலைமுறைகளாக உள்ள வழக்கம். என் புகார், அங்கு வரும் கூட்டத்தில் ஆள் பிடிக்கும் ஒரு தரகரையும், அவர் எங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்த ‘சாமி’யையும் பற்றியது. இருவருக்கும் கோயிலுடன் எந்தத் தொடர்பும் இல்லை.

என் தம்பி ராணிப்பேட்டையில் ஒரு தோல் பொருள் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். லித்தியத்தால் சில ஆண்டுகளாக நிலையாக இருந்தவனுக்குச் சென்ற ஆண்டு தூக்கம் குறைந்து, பேச்சு அதிகமானது. மருத்துவர் மருந்தின் அளவைச் சற்றுக் கூட்டினார். கார்த்திகை மாதத்தில் யோக நரசிம்மர் கண் திறந்து பார்க்கிறார் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அதனால் அம்மா அவனை மலைக்கு அழைத்துச் சென்றார், நானும் உடன் சென்றேன். குளக்கரையில் அந்தத் தரகர் அம்மாவை “அக்கா” என்று அழைத்துப் பேச்சுக் கொடுத்து, எந்த ஊர், என்ன குலதெய்வம், பங்காளிகளுடன் தகராறு உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டறிந்தார். மறுநாள் ஆற்காட்டுக்கு அப்பால் உள்ள அந்த வீட்டில் நாங்கள் உட்கார்ந்ததும், நாங்கள் வாய் திறப்பதற்கு முன்பே எங்கள் பெரியப்பாவுடனான நிலத் தகராறைச் சாமி சொன்னார். அம்மா கைகூப்பிவிட்டார். இதெல்லாம் குளக்கரையில் நாம் சொன்னதுதானே என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவில்லை.

முதலில் கேட்டது 501 ரூபாய் காணிக்கை மட்டுமே. அடுத்து, பங்காளிகள் வைத்த செய்வினை வீட்டுக் கொல்லையில் புதைந்திருப்பதாகவும், அதை எடுக்க 35,000 ரூபாய் ஆகும் என்றும் கூறினார். அவருடைய ஆள் ஒருவர் வந்து தோண்டினார். முடி சுற்றிய ஒரு செப்புத் தகடு கிடைத்தது. பல ஆண்டுகளாக மண்ணில் கிடந்ததாகச் சொல்லப்பட்ட அந்தத் தகட்டில் ஒரு பொட்டுக் களிம்பு கூட ஏறியிருக்கவில்லை. பணம் முழுவதையும் ரொக்கமாகவே வாங்கினார்கள்; கைப்பேசி வழியாக அனுப்புகிறேன் என்று நான் சொன்னபோது, காணிக்கையை அப்படிக் கொடுத்தால் பலிக்காது என்றார்கள்.

இது பணத்தோடு நின்றிருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். மாத்திரையைப் பற்றிக் கேட்டபோது சாமி சாமர்த்தியமாகப் பதில் சொன்னார்: “மாத்திரைய நிறுத்துன்னு நான் சொல்ல மாட்டேம்மா. ஒரு மண்டலம் முடிஞ்சா நீயே தூக்கிப் போட்டுருவ.” அந்த மண்டலத்துக்கு அவர் விதித்தவை உப்பில்லாப் பத்தியம், வயிற்றைக் கழுவ ஒரு பேதிச் சூரணம், உச்சி வெயிலில் பெரிய மலையின் 1,305 படிகளையும் ஏறி இறங்குவது ஆகியவை. ரோப் கார் கூடாதாம்.

லித்தியம் எடுப்பவருக்கு இந்த மூன்றும் சேர்வது எவ்வளவு ஆபத்தானது என்பதை அரசு மருத்துவமனையில்தான் எங்களுக்கு விளக்கினார்கள். உடலில் சோடியம் குறையும்போது சிறுநீரகம் அதை வெளியேற விடாமல் இழுத்துப் பிடிக்கிறது. கூடவே லித்தியத்தையும் பிடித்துவைக்கிறது. உப்பை நிறுத்தி, பேதியாலும் வியர்வையாலும் நீரும் வற்றிவிட்டால், வழக்கமான மாத்திரையே நஞ்சாகிவிடும். இரத்தத்தில் லித்தியத்தின் அளவு பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்க வேண்டும், 1.5ஐத் தாண்டினால் ஆபத்து. தம்பிக்கு அது 2ஐத் தாண்டியிருந்தது. முதலில் கை நடுக்கம், பிறகு வாந்தி, அதன்பின் குடித்தவன் போன்ற தள்ளாட்டமும் குழறலும் வந்தன. தொலைபேசியில் கேட்டதற்கு, செய்வினை வெளியேறும்போது உடம்பு அப்படித்தான் ஆடும், பத்தியத்தை முறிக்காதீர்கள் என்றார் சாமி. அன்று மாலையே அவனை வேலூரை அடுத்த அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசென்றோம். நரம்பு வழியாகச் சலைன் ஏற்றி, சிறுநீரகத்தைக் கண்காணித்து, டயாலிசிஸ் வரை போகாமல் காப்பாற்றினார்கள்.

அந்த வீட்டின் பின்கட்டில், சன்னல் கம்பியோடு காலில் சங்கிலி பூட்டப்பட்ட ஒருவரையும் பார்த்தேன். இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், 2001 ஆகஸ்டு 6 அன்று ஒரு தனியார் காப்பகம் தீப்பிடித்தபோது 28 பேர் இறந்தது இத்தகைய சங்கிலிகளால்தான். மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 95ஆம் பிரிவில் சொல்கிறது. மந்திரத்தாலும் தாயத்தாலும் பைத்தியம் தீரும் என்று விளம்பரம் செய்வதைத் தடுக்கும் சட்டமோ 1954 முதலே இருக்கிறது. காவல் நிலையத்தில் எங்களிடம் ரசீது கேட்டார்கள். காணிக்கைக்கு ஏது ரசீது? சங்கிலியைப் பற்றி நான் எழுதிக் கொடுத்த தனிப் புகாரை மட்டும் பெற்றுக்கொண்டார்கள்.

கோயிலில் தங்குவதால் பயனே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். தமிழ்நாட்டுக் கோயில் ஒன்றில் தங்கிய 31 பேரை மனநல மருத்துவர்கள் ஆராய்ந்து 2002இல் வெளியிட்ட கட்டுரை, அவர்களின் நோய்க்குறிகள் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்ததாகக் கூறுகிறது. அங்கே அவர்களை யாரும் கட்டிப்போடவில்லை, கொல்லையைத் தோண்டவில்லை. குடும்பத்தார் துணையிருக்க, கோயிலின் சிறு வேலைகளைச் செய்துகொண்டு அமைதியாக இருந்தார்கள். உறவினரை உடன் தங்கவைத்துச் சிகிச்சை தரும் வழக்கம் நம் வேலூர் பாகாயத்து மனநல மையத்திலும் நெடுங்காலமாக உண்டு. ஏர்வாடி தர்காவிலேயே மருந்தும் துவா எனும் பிரார்த்தனையும் சேர்ந்து நடக்க அரசு ஏற்பாடு செய்திருக்கிறது.

ஆகவே நேர்த்திக்கடனுக்குப் போகிறவர்கள் போகலாம். பத்தியம், உபவாசம், சூரணம் என்று யாராவது எதையாவது விதித்தால், தொடங்கும் முன் மாத்திரைச் சீட்டை எழுதிய மருத்துவரிடம் அதை அப்படியே சொல்லுங்கள். லித்தியம் என்றால் இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். உடனே மருத்துவரை அணுக முடியாதவர்கள் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் தொலைபேசி மனநல உதவி) இலவச எண்ணில் தமிழிலேயே கேட்கலாம். நடுக்கமும் தள்ளாட்டமும் தெரிந்துவிட்டால் தொலைபேசியில் நேரம் கடத்தாமல், மாத்திரை அட்டையையும் சூரணப் பொட்டலத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு அவசரப் பிரிவுக்குப் போங்கள். எங்களிடம் மருத்துவர்கள் முதலில் கேட்டது அந்த இரண்டையும்தான்.