மலை தாண்டும் தண்ணீர்: கிராண்ட் வாய்க்காலா, ஆடம்ஸ் சுரங்கமா?

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் பனி அதிகம் விழுவது மேற்கே, வயல்கள் அதிகம் இருப்பது கிழக்கே. நடுவில் ராக்கி மலை. அதைத் தாண்டித் தண்ணீரைக் கிழக்கே கொண்டுபோகும் இரண்டு வழிகளில் எது நியாயம்?

1890இல் வெட்டத் தொடங்கிய கிராண்ட் வாய்க்காலுக்குப் பம்பே கிடையாது. சரிவில் இறங்கும் ஓடைகளை வழியிலேயே மறித்து, லா பௌட்ரே கணவாய் வழியாகக் கிழக்கே தள்ளிவிடுகிறது. "முதலில் எடுத்தவருக்கே முதல் உரிமை" என்பது அங்கே சட்டம், அதனால் அங்குள்ள ராக்கி மலைத் தேசியப் பூங்காவுக்கும் மூத்த இந்த உரிமையை யாரும் எளிதில் அசைக்க முடியாது. ஆனால் உரிமை தண்ணீருக்குத்தான், சேதத்துக்கு இல்லை. 2003இல் கரை உடைந்து, சேறும் பாறையும் மரமுமாக லூலு ஓடையில் இறங்கி சதுப்புநிலத்தை மூடியது. 2008இல் வாய்க்கால் நிறுவனம் 90 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது.

1947இல் தண்ணீர் விட்ட ஆடம்ஸ் சுரங்கம் மலைக்கு அடியில் சுமார் 21 கி.மீ. ஓடுகிறது. இங்கே மேற்குக்காரர்கள் முன்கூட்டியே பேரம் பேசி, போகும் தண்ணீருக்கு ஈடாகத் தங்கள் பக்கத்தில் தண்ணீர் சேமிக்கக் கிரீன் மவுண்டன் அணையைக் கட்டவைத்துவிட்டார்கள்.

எனக்குச் சுரங்கத்து ஏற்பாடுதான் நியாயமாகப் படுகிறது. எடுப்பவர் இழப்பவருக்கு முதலிலேயே கொடுத்துவிட வேண்டும், கரை உடைந்த பிறகு அல்ல.