தைல மரம் வெட்டிய மேஸ்திரிக்கு ஐந்துக்கு நாலு ஸ்டார்

வேலூர் பக்கம் அமிர்தி போகிற ரோட்டில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தைலந்தோப்பு. கிழக்கு வரப்பை ஒட்டிக் கானாறு. ஜவ்வாது மலையில் மழை கொட்டினால் இதில் தண்ணீர் ஓடும், நாகநதிக்குப் போகும். மற்ற நாளில் வெறும் மணல்.

வெறும் மணல் என்பதுதான் வினை. போன வெட்டுக்கு வந்தவர் (பேர் வேண்டாம்) கானாற்றையே ரோடாக்கி டிராக்டரை இறக்கினார். உரித்த பட்டையையும் அங்கேயே தள்ளினார். "காஞ்சுதானேமா கெடக்கு" என்றார். ஐப்பசி மழையில் கரை இரண்டு இடத்தில் சரிந்தது. பட்டை ஊறி, குட்டையில் தேங்கிய தண்ணீர் டிகாஷன் நிறத்துக்குப் போய் நாறியது. கெண்டைக் குஞ்சுகள் செத்து மிதந்தன. கீழ்க்கொல்லைக்காரர் என்னிடம் இரண்டு மாதம் பேசவில்லை. நியாயம்தான்.

இந்த மாசியில் கணியம்பாடிப் பக்கத்து மேஸ்திரி, ஆறு ஆள், இரண்டு செயின்சா. கரையிலிருந்து பதினைந்து அடிக்குள் கத்தி படக் கூடாது, புங்கன், நொச்சி எதையும் தொடக் கூடாது என்றேன். "இன்னாக்கா, மரம் வெட்டக் கூப்டீங்களா, கானாத்துக்குக் காவல் காக்கவா?" என்று சிரித்தார். அப்புறம் என் பழைய புடவையைக் கிழித்து வாங்கி, விட வேண்டிய மரத்துக்கெல்லாம் அவரே கட்டினார். ஓர மரங்களைக் கயிறு போட்டுத் தோப்புப் பக்கமாகவே சாய்த்தார்கள். பட்டை உரித்ததும் மேட்டில்தான். கடைசி நாள் நான் கேட்காமலே, வண்டித்தடத்தின் குறுக்கே சாய்வாக நாலு வரப்பு போட்டுத் தழையைப் பரப்பினார். மழைத்தண்ணீர் தடத்தோடு ஓடி மண்ணை அரிக்காமல் தோப்புக்குள் திரும்பும்.

ஒரு ஸ்டார் ஏன் போச்சு? செயின்சாவுக்கு எண்ணெய் ஊற்றுவதைக் கரை மேலேயே வைத்துக்கொண்டார்கள். முறத்தளவு கறுப்புத் திட்டு. மண்வெட்டியால் மணலோடு வழித்து நான்தான் அள்ளினேன். இன்னொன்று, சில அடிக்கட்டைகளை முழங்கால் உயரத்தில் விட்டுவிட்டார்கள். ஒரு சாணுக்குள் வெட்டினால்தானே மறுதாம்பு (அடிக்கட்டையிலிருந்து திரும்பத் துளிர்ப்பது) நன்றாக வரும்!

கூலி டன்னுக்கு நூறு ரூபாய் கூட. பேரம் பேசிப் பார்த்தேன், இறங்கவில்லை. சரி, கொடுக்கலாம். பங்குனியில் ஆள் சிக்க மாட்டார், தை பிறந்ததுமே சொல்லி வையுங்கள். எண்ணெய் கேனை எங்கே வைப்பது என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்.